குழந்தைக்குத் தலை ஹெல்மெட்: கோலாலம்பூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று, நான்கு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இது கண்ணில் படுகிறது. ஈர முடி ஒட்டிக் கிடக்கும் தலையை மேலிருந்து பார்த்தால், பின்மண்டையின் ஒரு பக்கம் தட்டையாகவும், அதே பக்கத்துக் காது சற்று முன்னே தள்ளியும், சில குழந்தைகளுக்கு அந்தப் பக்கத்து நெற்றி கொஞ்சம் புடைத்தும் தெரியும். இதற்கு மருத்துவர்கள் பிளாஜியோசெபலி என்று பெயர் சொல்வார்கள்; பின்மண்டை முழுவதும் ஒரே சீராகத் தட்டையாகித் தலை அகன்றிருந்தால் அது பிராக்கிசெபலி. இரண்டும் பெரும்பாலும் படுக்கும் நிலையால் வருபவை. மூளை வளர்ச்சிக் குறைபாட்டின் அடையாளமல்ல. வளரும் தலையைச் சீரான வடிவத்துக்குக் கொண்டுவர, தலைக்கு அளவெடுத்துச் செய்த ஹெல்மெட்டைச் சில குழந்தைகளுக்குச் சில மாதங்கள் போடுகிறார்கள்.

இக்குறை இப்போது அதிகமாகக் காணப்படுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. தூக்கத்தில் திடீரென நிகழும் குழந்தை மரணங்களைத் தடுக்க, குழந்தைகளை மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் அறிவுறுத்தியது. 1994-இல் அது அங்கே பெரிய இயக்கமானது. அந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன, தட்டைத் தலைகள் கூடின. ஆகவே, தலை வடிவத்துக்குப் பயந்து குழந்தையை இரவில் குப்புறப் போடுவது எந்த நிலையிலும் தீர்வாகாது.

முதலில் யாரிடம் காட்டுவது

ஹெல்மெட் கிளினிக்குக்கு நேரே போய்விட வேண்டாம். மூன்றாம் மாத, ஐந்தாம் மாதத் தடுப்பூசிகளுக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும்போது, தாதியிடம் தலையின் சுற்றளவை அளந்து குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, தலை வடிவத்தை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நீங்கள் கேட்காவிட்டால் அது கவனத்தில் விழாமலே போகலாம். தனியார் குழந்தை மருத்துவரிடம் போகிறவர்களுக்கும் இதே முறைதான்.

மருத்துவர் இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்த வேண்டும். முதலாவது, மண்டையோட்டின் பொருத்துகள் உரிய காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்ற நிலை இல்லை என்பது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நிலைக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். ஹெல்மெட் மட்டும் போட்டுக் காலத்தைக் கடத்தினால் ஆபத்து. தலையின் மேல் கைவைத்தால் பொருத்தின் வழியே மேடு தட்டுப்படுவது, தட்டையான பக்கத்துக் காது முன்னே போகாமல் பின்னே இழுபட்டிருப்பது, சுற்றளவு வளராமல் நிற்பது ஆகியவை சந்தேகத்துக்கு இடம் தருபவை. இத்தகைய குழந்தைகளைக் குழந்தைகளுக்கான மூளை நரம்பு அறுவை நிபுணர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

இரண்டாவது, கழுத்து. குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கிறது என்றால், அந்தப் பக்கத்தை விரும்புவதால் மட்டும் அல்ல, மறுபக்கம் திரும்ப முடியாமலும் இருக்கலாம். கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கும் இந்த டார்ட்டிகாலிஸ் நிலைக்குப் பிசியோதெரபி தேவை. கழுத்து இறுகியிருக்க ஹெல்மெட்டை மட்டும் போடுவதை நான் ஏற்கவில்லை. குழந்தை ஹெல்மெட்டோடும் அதே பக்கம்தான் திரும்பும், கழற்றிய பிறகும் அதே பக்கம்தான் படுக்கும்.

ஹெல்மெட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

நான்கு மாதத்துக்கு முன்பே கவனித்துவிட்டால், பல குழந்தைகளுக்கு நிலை மாற்றுவதே போதுமானதாக இருக்கும். விழித்திருக்கும் வேளையில், யாராவது அருகில் இருக்க, நாளுக்குப் பல முறை குப்புறப் படுக்க வையுங்கள்; தரையில் அழுதால் உங்கள் மார்பின் மேல் கவிழ்த்துப் போடுவதும் அதே பயிற்சிதான். குழந்தை வெளிச்சத்தையும் ஆட்களையும் நோக்கித்தான் திரும்பும் என்பதால், கட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால், தட்டையாகாத பக்கம் திரும்ப அதற்கே ஆசை வரும். பால் கொடுக்கும் கையையும் தூக்கும் தோளையும் மாற்றுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சிலவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சேலை ஏணையும், ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டிலான புவாயானும் மலேசியத் தமிழர் வீடுகளில் குழந்தையைத் தூங்க வைக்கும் வழக்கமான கருவிகள். துணி, குழந்தையின் உடலை வளைத்துத் தலையை ஒரே நிலையில் பிடித்துக்கொள்வதோடு, முகம் துணியில் புதையும் ஆபத்தும் உண்டு. தூக்கத்துக்குக் கெட்டியான, சமதளமான மெத்தையே சரி. கடுகுத் தலையணையும், மலாய்க்கார அண்டை வீட்டார் அன்போடு தரும் பச்சைப்பயற்றுத் தோல் தலையணையும், நடுவில் குழி வைத்துக் கடையில் விற்கும் தலையணையும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தூக்கத்துக்கு ஆகாது. பாட்டிமார் குளிப்பாட்டும்போது தலையை உருட்டிப் பிடித்துவிடுவதும் வடிவத்தைத் திருத்துவதில்லை. இதமாகத் தடவுவதில் தீங்கில்லை, ஆனால் உச்சிக்குழியின் மேல் அழுத்தம் விழவே கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குளித்த ஈரத்தில், குழந்தையை மடியில் உட்கார வைத்து உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு முன்னேற்றமும் தெரியாது, மோசமாவதும் தெரியாது.

முடிவெடுத்தல்

ஹெல்மெட் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதுதான் நல்லது. நெதர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், 5 முதல் 6 மாத வயதுடைய 84 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் ஹெல்மெட் போட்டார்கள். இரண்டு வயதில் தலை முழுமையாகச் சீரானவர்கள் ஹெல்மெட் குழுவில் 26 விழுக்காடு, போடாத குழுவில் 23 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அதில் கழுத்துத் தசை இறுகிய குழந்தைகள் சேர்க்கப்படவில்லை என்பதோடு, ஹெல்மெட் தலையில் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்ததாகப் பல பெற்றோர் தெரிவித்ததும் அந்த ஆய்வின் மேல் வைக்கப்படும் குறை. 2016-இல் அமெரிக்க மூளை நரம்பு அறுவை நிபுணர்களின் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், நிலை மாற்றமும் பிசியோதெரபியும் செய்தும் நடுத்தரம் முதல் கடுமை வரையிலான கோணல் மாறாத குழந்தைகளுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது.

லேசான கோணலுக்கு இவ்வளவு செலவும் சிரமமும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. குழந்தை உட்காரவும் தவழவும் தொடங்கியதும் மண்டையின் மேல் அழுத்தம் குறைந்து, முடியும் வளர்ந்துவிடும். கோணல் எவ்வளவு என்பதைக் கண்ணால் அல்லாமல் எண்ணால் கேளுங்கள். தலையின் இரு மூலைவிட்டங்களையும் (ஒரு பக்க நெற்றியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்மண்டை வரையிலான குறுக்களவுகளை) அளந்து, அவற்றின் வேறுபாட்டை நீளமான மூலைவிட்டத்தின் விழுக்காடாகச் சொல்வார்கள். ஒன்று 140 மில்லிமீட்டரும் மற்றது 131 மில்லிமீட்டரும் என்றால் வேறுபாடு 9 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 6.4 விழுக்காடு. பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோலில் 3.5-க்குக் கீழே இயல்பு, 6.25-க்கு மேல் நடுத்தரம், 8.75-க்கு மேல் கடுமை.

காலமும் முக்கியம். குழந்தையின் தலைச் சுற்றளவு முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டரும், அடுத்த மூன்று மாதங்களில் 1 சென்டிமீட்டரும், அதன் பிறகு அரை சென்டிமீட்டரும்தான் வளரும். ஹெல்மெட் இந்த வளர்ச்சியைத்தான் பயன்படுத்துகிறது. புடலங்காயில் கல்லைக் கட்டி நேராக்குவது போல அது எதையும் இழுப்பதோ நெரிப்பதோ இல்லை. புடைத்த பகுதியைத் தொட்டுக்கொண்டு நின்று, தட்டையான பகுதியில் மட்டும் இடைவெளி விடுகிறது, வளரும் தலை அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. எனவே நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்குவது சிறந்தது. ஒரு வயதுக்குப் பிறகு பலன் மிகவும் குறைவு.

தனியார் வேலையில் உள்ள தாய்மார்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள். அது முடிந்து வேலைக்குத் திரும்பும் வேளையும் ஹெல்மெட் தொடங்கும் வேளையும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். பகலில் அதைக் கழற்றி மாட்டப்போவது பாட்டியோ, பிள்ளை பார்ப்பவரோ, தாஸ்கா எனும் குழந்தைக் காப்பகத்தின் பணியாளரோதான். முடிவெடுக்கும் பேச்சில் அவரையும் உட்கார வைக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இச்சேவை பெரும்பாலும் தனியாரிடம்தான் கிடைக்கிறது. விலையைக் கேட்கும்போது அதில் எவையெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்: ஸ்கேன், இடையிடையே உட்புறப் பஞ்சைச் செதுக்கிச் சரிசெய்யும் வருகைகள், இறுதி அளவெடுப்பு, தலை வேகமாக வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் அதன் விலை. ஹெல்மெட் இங்கேயே செய்யப்படுகிறதா, வெளிநாட்டிலிருந்து வருகிறதா என்பதையும் கேளுங்கள். ஸ்கேனுக்கும் மாட்டுவதற்கும் இடையே வாரங்கள் நீண்டால் அதற்குள் தலை வளர்ந்துவிடும். சனி, ஞாயிறுகளில் தோல் சிவந்தால் யாரை அழைப்பது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தை நான் தவிர்ப்பேன். தொடக்க அளவுகளின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதுவதாக இருந்தால், குழந்தை மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தை ஹெல்மெட் செய்யச் சொல்வதற்கு முன்பே பெற்றுவிடுங்கள்.

ஸ்கேன் எளிது. தலைக்கு மெல்லிய துணி உறையை இழுத்துவிட்டு, முப்பரிமாணக் கேமராவால் சுற்றிலும் படமெடுப்பார்கள். வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பசியில்லாத, தூக்கம் கலையாத நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்தால் போதும்.

மொட்டையும் காது குத்தும் இதோடு மோதும். பத்துமலையில் முடி இறக்குவதாக வேண்டுதல் இருந்தால், அதை ஸ்கேனுக்கு முன்பே நிறைவேற்றிவிடுங்கள், அல்லது சிகிச்சை முடியும் வரை தள்ளிவையுங்கள். அடர்ந்த முடியோடு அளவெடுத்த ஹெல்மெட் மொட்டைத் தலையில் தளரும். சவரக் கத்தியின் சிறு கீறலும் வியர்வையில் புண்ணாகும். புதிதாகக் குத்திய காதில் ஹெல்மெட்டின் விளிம்பு உரசும் என்பதால் காது குத்தையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். முருகன் காத்திருப்பார், தாய்மாமனைச் சமாதானப்படுத்துவதுதான் சற்றுக் கடினம்.

முதல் வாரம்

இலக்கு, நாளுக்கு 23 மணி நேரம். ஆனால் முதல் நாளே அது நடக்காது. வழக்கமாக முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் கழற்றி, மறுநாள் இரண்டு மணி நேரமாக்கி, பிறகு நான்கு, எட்டு என்று உயர்த்தி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழு நேரத்துக்கு வருவார்கள். ஹெல்மெட்டை அளவெடுத்துப் பொருத்தும் நிபுணரான உங்கள் ஆர்த்தோட்டிஸ்ட் எழுதித் தரும் அட்டவணை இதிலிருந்து வேறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தலை முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஹெல்மெட் தொடும் இடங்களில் இளஞ்சிவப்புத் தடம் இருப்பது இயல்பு. அது ஒரு மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மாநிறத்தையோ கருநிறத்தையோ உடைய நம் குழந்தைகளின் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; ஆகையால் விரலால் தொட்டு, சூடாகவோ தடித்தோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கடந்தும் தடம் மறையாவிட்டால், அல்லது கொப்புளமோ தோல் உரிதலோ கண்டால், மீண்டும் போடாமல் அழையுங்கள். உள்ளே பஞ்சு, துணி எதையும் நீங்களாகவே வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். அது அழுத்தத்தை வேறோர் இடத்துக்கு மாற்றிவிடும்.

தூக்கம் இரண்டு மூன்று இரவு கெடலாம். பெரும்பாலான குழந்தைகள் பெற்றோரைவிட விரைவாகப் பழகிக்கொள்கின்றன. பால் கொடுக்கும்போது கெட்டியான விளிம்பு அம்மாவின் கையில் குத்தும். முழங்கை மடிப்பில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். தூக்கி வைத்திருப்பவரின் தாடைக்கும் முன்பற்களுக்கும் அவரவரே பொறுப்பு.

வியர்வை

கோலாலம்பூரில் இச்சிகிச்சையின் உண்மையான போராட்டம் இதுதான். பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. குளிர்நாட்டுப் பெற்றோருக்காக எழுதப்பட்ட குறிப்பேட்டை அப்படியே பின்பற்றினால் இங்கே இரண்டாம் வாரத்திலேயே வேர்க்குரு கிளம்பும்.

உடலுக்கு ஒற்றைப் பருத்தி உடை போதும்; காலுறை, கையுறை, போர்வை வேண்டாம். மின்விசிறி எப்போதும் சுழலட்டும். குளிரூட்டி இருந்தால் பிற்பகல் தூக்கத்துக்கு அதைப் பயன்படுத்துவது ஆடம்பரம் அல்ல. நாளுக்கு இருமுறை குளிப்பாட்டும் நம் வழக்கத்தை விட வேண்டியதில்லை: கழற்றியிருக்க அனுமதித்த அந்த ஒரு மணி நேரத்தைக் காலையும் மாலையுமாக அரை அரை மணியாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று ஆர்த்தோட்டிஸ்டிடம் கேட்டு வையுங்கள். இடையில் வியர்த்துவிட்டால் கழற்றி, தலையையும் உட்புறத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, உடனே மாட்டுவதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். ஈரத் தலையில் மட்டும் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

தினமும் மென்மையான குழந்தைச் சோப்பால் தலையைக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் ஹெல்மெட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது. எண்ணெய் உட்புறப் பஞ்சில் ஊறிக் கெட்ட வாடையாகும், பவுடர் வியர்வையோடு குழைந்து தோலை அரிக்கும். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதானால் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாம்பிராணிப் புகை குழந்தையின் நுரையீரலுக்கே நல்லதல்ல என்பதால் அதை இந்தச் சாக்கில் நிறுத்திவிடலாம். திருநீற்றைக் கழற்றியிருக்கும் நேரத்தில் பூசி, மாட்டுவதற்கு முன் துடைத்துவிடுங்கள். கண்ணேறு படாமலிருக்க வைக்கும் மைப்பொட்டை உள்ளங்காலில் வைத்தால் பாட்டிக்கும் நிம்மதி, நெற்றிக்கும் நிம்மதி.

ஹெல்மெட்டைக் கழற்றிய உடனே, 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து உட்புறத்தைத் துடைத்து, குழந்தை குளிக்கும் வரை விசிறிக்கு நேரே கவிழ்க்காமல் வைத்தால் காய்ந்துவிடும். ஆல்கஹால் வாடை முற்றிலும் போன பிறகே தலையில் வைக்க வேண்டும். வேறு கிருமிநாசினி, வெளுப்பான், சூடான காற்று ஊதும் கருவி ஆகியவை ஆகா. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும்.

காய்ச்சல் வந்தால் கழற்றிவிடுங்கள். தடுப்பூசிக்கு மறுநாள் லேசாகச் சுட்டாலும் இதுவே முறை. காய்ச்சல் முழுதும் தணிந்த பிறகு தொடரலாம். ஒரு நாள் இழப்பால் சிகிச்சை கெட்டுப்போவதில்லை. பல நாள் தொடர்ந்து போடாமல் விட்டிருந்தால், மீண்டும் மாட்டுவதற்கு முன் பொருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்குக் கற்றுக்கொடுத்தல்

கொக்கிப் பட்டையை எந்த இடம் வரை இழுக்க வேண்டும் என்பதை அழியாத பேனாவால் ஹெல்மெட்டின் மேல் கோடு போட்டுவிடுங்கள். அப்பாவின் கை, பாட்டியின் கை, தாஸ்கா ஊழியரின் கை எல்லாமே ஒரே இறுக்கத்தில் பூட்டும். ஒவ்வொரு முறை ஆர்த்தோட்டிஸ்ட் சரிசெய்த பிறகும் கோட்டை மாற்றிப் போட வேண்டும். முன்பக்கம் எது என்பதையும் ஓர் ஒட்டுத்தாளால் காட்டிவிடலாம். தாஸ்காவுக்கு மலாய் மொழியில் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: எப்போது கழற்றுவது, எதைக் கண்டால் அழைப்பது, எதைத் தடவக் கூடாது, உங்கள் எண். அவர்கள் கண் முன்னே நீங்கள் ஒருமுறை மாட்டிக் காட்டி, அவர்களும் உங்கள் முன்னே ஒருமுறை மாட்டிப் பார்ப்பது அந்தத் தாளைவிட மேல்.

வீட்டுப் பெரியவர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் பாசத்திலிருந்து வருகிறது. "பச்சப் புள்ளய ஏம்மா இப்படிப் படுத்துறீங்க?" என்று அத்தை கேட்டால், ஆய்வுகளைச் சொல்வதில் பலனில்லை, அடுத்த வருகைக்கு அவரையும் அழைத்துச் சென்று, ஸ்கேன் படத்தை ஆர்த்தோட்டிஸ்ட் விளக்கும்போது உடன் இருக்கச் செய்யுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பேரப்பிள்ளையின் மேல் இரக்கப்பட்டு அவர் கழற்றி வைக்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான், சிகிச்சை மந்தமாவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம்.

வெளியிடங்களில் கேள்விகள் வரும். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கல்யாண மண்டபத்திலும், குழந்தை விழுந்துவிட்டதா, மூளையில் அறுவை செய்தார்களா என்று முன்பின் தெரியாதவர்களும் விசாரிப்பார்கள். "தலை வடிவத்துக்காக டாக்டர் போடச் சொன்னார், சில மாதத்தில் எடுத்துவிடுவார்" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் வைத்துக்கொண்டால் பேச்சு நீளாது.

காரில் போகும்போது, 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்குச் சிறப்பு இருக்கை கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹெல்மெட்டின் தடிப்பு தலையை முன்னே தள்ளித் தாடையை மார்பில் இடிக்கச் செய்யலாம்; இருக்கையோடு வந்த, அகற்றக்கூடிய தலைத் திண்டை எடுத்துவிட்டு, சாய்வைச் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையை இருக்கையிலேயே தூங்கவிடாமல் மெத்தைக்கு மாற்றுங்கள்.

முன்னேற்றமும் முடிவும்

தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரத்திலும், பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் சரிசெய்ய வரச் சொல்வார்கள். ஹெல்மெட் சுழல்கிறது, புருவத்துக்குக் கீழே இறங்குகிறது, காதை மடக்குகிறது என்றால் அந்தத் தேதி வரை காத்திருக்காதீர்கள். பொருந்தாத ஹெல்மெட் சும்மா தலையில் இருக்கும் சுமைதான். பெரிய மாற்றம் பெரும்பாலும் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் தெரியும். மொத்தச் சிகிச்சை மூன்று நான்கு மாதம் நீளலாம். ஒவ்வொரு முறையும் எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரு வருகைகளுக்கிடையே எந்த மாற்றமும் இல்லாமல், தலைச் சுற்றளவும் வளராமல் இருந்தால், குழந்தை மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.

துல்லியமான சமச்சீர் யாருக்கும் இருப்பதில்லை; கண்ணாடியில் உங்கள் காதுகளைப் பார்த்தாலே தெரியும். எண்கள் இயல்பு எல்லைக்கு அருகில் வந்து, குழந்தை உருண்டு, உட்கார்ந்து, தன் தலையைத் தானே அசைக்கத் தொடங்கிவிட்டால், இன்னும் ஒரு மாதம் போடலாம் என்ற யோசனைக்கு என்ன பலன் கிடைக்கும் என்று தயங்காமல் கேளுங்கள். நிறுத்திய பின் இறுதி அளவுகளைச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் சேர்த்து வையுங்கள். கழுத்துப் பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்ட் போதும் என்று சொல்லும் வரை தொடருங்கள். அதே ஹெல்மெட்டை உறவுக்காரக் குழந்தைக்குக் கொடுக்க எண்ண வேண்டாம். அது ஒரே ஒரு தலைக்காக, அதன் ஒரே ஒரு கோணலுக்காகச் செதுக்கப்பட்டது, இன்னொரு தலையைத் தவறான இடத்தில் அழுத்தும்.